பலகையில் ஜமீலாவின் பெயர்

எனக்கு வாய் நீளம்னு அண்ணனூர்ல எல்லாருக்கும் தெரியும். இங்க கிளை நூலகத்துல பதினாறு வருஷமா நூலகரா இருக்கேன். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினா திட்டுவேன். ஃபேனுக்கு அடியில தூங்கறதுக்குன்னே வர்றவங்களை எழுப்பி அனுப்புவேன். வாசல்ல நின்னு எட்டிப் பாத்து, 'அனுசுயாம்மா இன்னிக்கு இன்னா மூடுல கீது?'ன்னு கேட்டுட்டு உள்ள வர்றவங்களும் உண்டு. ஆனா வேலையில ஒரு குறை சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. அதனால என் வாரம் தொடங்கறது சனிக்கிழமை. கதவைத் தொறந்ததும் முதல் வேலை, வாசல் பக்கத்துல இருக்கற கரும்பலகையைத் துடைச்சு, 'இந்த வாரம் நினைவில்'னு தலைப்புப் போட்டு, அந்த வாரத்துல பிறந்த நாளோ நினைவு நாளோ வர்ற பெரியவங்க பேரைத் தேதி வரிசையா எழுதறது. பலகைக்குக் கீழ ஒரு மேசை. எழுதின ஒவ்வொரு பேருக்கும் ஒரு புத்தகமாவது அந்த மேசையில இருக்கணும். புத்தகம் இல்லாத பேரைப் பலகையில ஏத்த மாட்டேன். அரசாங்கம் போட்ட விதி இல்ல அது, நான் போட்டது. ஒரு தடவை ஒருத்தர் நாலு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து, எங்க தலைவரோட அப்பா பேரை எழுதுன்னு மேசையைத் தட்டினாரு. "அவரைப் பத்தி ஒரு புத்தகம் கொண்டாங்க, தாராளமா எழுதறேன்"னேன். போனவர் போனவர்தான். அந்த விதி ஒருநாள் என் கழுத்தையே பிடிக்கும்னு அப்ப எனக்குத் தெரியாது.

முகமது இஸ்மாயில் பாய் இங்க ரயில்வே கார் ஷெட்ல வேலை பாத்தவரு. மின்சார ரயில் ஷெட்டை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி அதைச் சுத்திச் சுத்தி வந்து, எங்க பழுது இருக்கோ அங்க சாக்பீஸால வட்டம் போடற வேலை. முப்பது வருஷத்துக்கு மேல அதையே செஞ்சவருக்கு, கையில எது கிடைச்சாலும் தப்பு எங்கன்னு தேடற புத்தி வந்துடுச்சு. சனிக்கிழமை தவறாம வருவாரு. அந்த மேசையில உக்காந்து பெரியவங்க வாழ்க்கை வரலாறா படிப்பாரு. சட்டைப் பையில ஒரு பென்சில் இருக்கும். தேதி தப்பா இருந்தா வட்டம் போட்டு ஓரத்துல சரியான தேதியை எழுதிடுவாரு.

முதல் தடவை அதைப் பாத்தப்ப எனக்கு ரத்தம் கொதிச்சுது. "பாய், இது அரசாங்கச் சொத்து. உங்க ஊட்டுச் செவுருன்னு நெனச்சீங்களா? கார்டைப் புடுங்கிடுவேன்"னேன்.

"தப்பா கீது மேடம். தப்பைப் பாத்துட்டு எப்டி சும்மா வுடறது? அந்தத் தப்போடவே வண்டி ஓடும் இல்ல?"ன்னாரு.

எந்த வண்டின்னு கேக்கத் தோணல. அவரு போனப்புறம் வேற ரெண்டு புத்தகத்தை எடுத்துச் சரி பாத்தேன். அவரு எழுதினதுதான் சரி. அடுத்த வாரம் நானே போய், "பேனா மட்டும் வேணாம் பாய், பென்சிலோட நிறுத்திக்கங்க"ன்னேன். அதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது. அப்புறம் பலகையில நான் ஏதாவது தேதியை மாத்தி எழுதிட்டா, உள்ள காலை வைக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சுடுவாரு.

ரெண்டு வருஷமா அவருக்கு மறதி. மொதல்ல குடையை மறந்தாரு, அப்புறம் வழியை. அப்பவும் ஜமீலாக்கா சனிக்கிழமை தவறாம கூட்டிட்டு வந்துடுவாங்க. ஜமீலாக்கான்னா அவரு சம்சாரம். படிப்பாரு, ஆனா பென்சில் பையை விட்டு வெளிய வராது. பலகையைச் சரி பாத்த மனுஷன் பலகையை அப்படியே நம்ப ஆரம்பிச்சாரு. போன அக்டோபர்ல காமராஜர் நினைவு நாள்னு எழுதியிருந்தேன். பலகை முன்னாடி நின்னு, "அடப்பாவமே, போய்ட்டாரா? நல்ல மனுஷன்"னு தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. அன்னிக்குப் பூரா சாப்பிடலைன்னு ஜமீலாக்கா சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. அதுக்கப்புறம் நினைவு நாள்னா கூடவே வருஷத்தையும் பெருசா எழுதறேன்.

இந்த ஜூலை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜமீலாக்கா தனியா வந்தாங்க. பாயைப் பக்கத்து வீட்டுல உக்கார வச்சுட்டு வந்திருக்காங்க. தனியா கிட்ட பாத்தப்பதான் ஆள் பாதியா இளைச்சிருந்தது தெரிஞ்சுது. மேசை பக்கத்துல உக்காந்து, ரொம்ப நேரம் பலகையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"அனுசுயா, அவுருக்கு என்னைய யாருன்னு தெரியலம்மா. மூணு மாசமாச்சு"ன்னாங்க.

"திட்டறாரா?"ன்னு கேட்டேன்.

"திட்டினா தேவலையே. நீங்க, வாங்கன்னு மரியாதையாத்தான் பேசுறாரு. சாயங்காலம் ஆனா, 'இருட்டப் போவுது, உங்க ஊட்ல தேட மாட்டாங்களா?'ன்னு கேக்கறாரு. நான் போகலைன்னா சேரைத் தூக்கிக்கினு போய் வாசல்ல போட்டுக்கறாரு. வேத்துப் பொம்பள கீற ஊட்ல உள்ள படுக்க மாட்டாராம். 'ஜமீலா வந்தா தப்பா நெனச்சுக்கும்'ன்றாரு. விடிய விடிய வாசல்லயே ஒக்காந்துகினு கீறாரு. நேத்து மழையில கொடையப் புடிச்சுக்கினு ஒக்காந்தாரு. நான்தாங்க ஜமீலான்னா சிரிக்கறாரு. 'எங்கூட்டு ஜமீலா சின்னப் பொண்ணும்மா'ன்றாரு."

கண்ணு கலங்கினா எனக்குக் கோபம்தான் வரும். "பொண்ணு என்ன பண்ணுது? சபீனாவுக்குச் சொன்னீங்களா இல்லையா?"ன்னு அவங்க மேல பாய்ஞ்சேன்.

சபீனா ஓசூர்ல வேலையில இருக்கு. அது பாவம் ஓடி ஓடிப் பாத்துட்டு, அங்கயே முதியோர் இல்லம் ஒண்ணுல அப்பாவுக்கு இடம் சொல்லி வச்சிருக்கு. ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி கொண்டுபோய் விடணும். 'இப்படியே போனா ரெண்டு பேரும் விழுந்துடுவீங்கம்மா, அவரு உள்ள வந்து படுத்தாலாவது பரவாயில்ல'ன்னு அழுதுதாம். அது சொல்றதுலயும் தப்பில்ல.

"நாப்பத்தோரு வருசம் அனுசுயா. அங்க ஆம்பளைங்க தனியாம், பொம்பளைங்க தனியாம். நான் இல்லாம அவுரு எப்டி இருப்பாருன்னு கேக்கல. அவுரு இருந்துப்பாரு. நான் எப்டி இருப்பேன்?"

முந்தானையால மூக்கைத் துடைச்சுட்டு, ஜமீலாக்கா மேசையில இருந்த புத்தகம் ஒண்ணை எடுத்து நடுப்பக்கத்தைத் தொறந்தாங்க. அங்கதான் படங்கள் இருக்கும். 'இளமையில்'னு ஒரு படம், 'முதுமையில்'னு ஒரு படம்.

"இத்தப் பாரு. இந்தச் சின்னப் பொண்ணும் இந்தக் கெழவியும் ஒரே ஆளுன்னு அவுரு நம்புறாரு இல்ல? புஸ்தகத்துல இருந்தா நம்புறாரு. பலகையில இருந்தா நம்புறாரு. என் பேரையும் எழுதேம்மா."

"புத்தகம் இல்லாம பேரு எழுத மாட்டேன் அக்கா, உங்களுக்கே தெரியும்"னு வாயில வந்துடுச்சு. பதினாறு வருஷப் பழக்கம். சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

"அதான் கேக்கறேன். எனக்கு ஒரு புஸ்தகம் எழுதிக் குடு"ன்னாங்க.

புதன், வியாழன் ரெண்டு நாளும் மத்தியானம் நூலகத்துல உக்காந்து எழுதினோம். அவங்க சொல்லச் சொல்ல, நாப்பது பக்க நோட்டுல என் கையெழுத்துல எழுதினேன். மத்த வரலாறு மாதிரியே அத்தியாயம் பிரிச்சேன். பாய்க்கு அதுதான் பழக்கம். பிறப்பும் இளமையும், திருமணம், தொண்டு.

பிறந்த தேதின்னு கேட்டா, "பள்ளிக்கூடத்துல டீச்சர் போட்டதுதான், ஜூலை இருபது. ஆதார்லயும் அதே"ன்னாங்க. அத்தாவுக்கு, அதாவது அவங்க அப்பாவுக்கு, பூந்தமல்லியில வாடகை சைக்கிள் கடை. அஞ்சாவதோட படிப்பு நின்னுது. பத்தொம்பது வயசுல கல்யாணம். தொண்டுன்னு வந்ததும் கையை விரிச்சாங்க.

"நான் இன்னாம்மா தொண்டு செஞ்சேன்? சோறாக்கினேன், துணி தச்சேன்."

"எவ்ளோ தச்சீங்க? அதைச் சொல்லுங்க."

"எவ்ளோன்னா? ஒரு வருசம் ஜூன் மாசத்துல மட்டும் எரநூத்திப் பன்னண்டு யூனிஃபார்ம். இங்க ரெண்டு ஸ்கூலுக்கும். அந்த மாசம் கையி வீங்கிடுச்சு, அவுருதான் எனக்குச் சோறு ஊட்டி விட்டாரு."

"இத விட வேற என்ன வேணும் உங்களுக்கு?"ன்னு அதட்டி எழுதினேன். ஊட்டி விட்டதையும் சேத்துத்தான் எழுதினேன். மாமியாரை ஆறு வருஷம் படுக்கையில வச்சுப் பாத்தது, பாய்க்கு விடிகாலை ஷிஃப்ட்டுன்னா நாலு மணிக்கு எழுந்து டப்பா கட்டினது, ரயில் ஓடாத ஒரு மழை நாள்ல ஷெட்டுல மாட்டிக்கிட்ட இருபது பேருக்கு முட்டியளவு தண்ணியில நடந்தே போய்ச் சோறு குடுத்தது, எல்லாம் வந்துச்சு. எழுதி முடிச்சுப் படிச்சுக் காட்டினப்ப, "இது யாரோ பெரிய பொம்பளையாட்டம் கீதே"ன்னு வெக்கப்பட்டாங்க.

படம் ஒட்டினோம். கல்யாணத்துக்கு எடுத்தது ஒண்ணு, சபீனாவை இடுப்புல வச்சிருக்கறது ஒண்ணு. கடைசிப் படத்தை அந்த மேசையிலயே உக்கார வச்சு என் போன்ல எடுத்து, ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவுல பிரிண்ட் போட்டேன். அதுக்குக் கீழ 'முதுமையில்'னு எழுதப் போனேன்.

"அத்த எழுதாத. அவ்ளோ ஒண்ணும் ஆயிடல"ன்னாங்க. சரின்னு 'இப்போது'ன்னு எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுல உக்காந்து நானே பைண்டு பண்ணினேன். நீலக் காலிக்கோ துணியில முதுகு, மேல வெள்ளைத் தாள்ல 'ஜமீலா: வாழ்க்கை வரலாறு'. பதிவேட்டுல ஏத்த முடியாது, நூலக முத்திரையும் குத்த முடியாது. அந்த அளவுக்கு எனக்கும் பயம் உண்டு. ஆனா புத்தகம் புத்தகம்தானே?

சனிக்கிழமை காலையில பலகையைத் துடைச்சு எழுதினேன். தேதி வரிசைப்படி எழுதினா அவங்கதான் முதல்ல வந்தாங்க. ஜமீலா, பிறந்த நாள், ஜூலை 20. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நினைவு நாள், ஜூலை 22, 1968. சந்திரசேகர ஆசாத், பிறந்த நாள், ஜூலை 23. கேப்டன் லட்சுமி, நினைவு நாள், ஜூலை 23, 2012.

பேப்பர் படிக்க வர்ற வீராசாமி சார் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தாரு. "ஜமீலான்னா யாரும்மா, தியாகியா?"

"ஆமா. போய் பேப்பரைப் படிங்க"ன்னேன்.

பத்தரைக்கு வந்தாங்க. பாய் முன்னாடி, ஜமீலாக்கா நாலடி பின்னாடி. வேத்துப் பொம்பள ஒட்டி நடந்தா அவருக்குப் பிடிக்கறதில்ல. பலகை முன்னாடி நின்னு விரலை வச்சு ஒவ்வொரு பேரா படிச்சாரு. முதல் பேருக்குத் திரும்பி வந்தாரு.

"ஜமீலா. எங்கூட்லயும் இதே பேரு, மேடம்."

"அப்படியா? புத்தகம் கீழ இருக்கு பாய், படிச்சுப் பாருங்க"ன்னேன். அலமாரியை அடுக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன். ஜமீலாக்கா எதிர் பெஞ்சுல உக்காந்து மடியில கையக் கோத்துக்கிட்டாங்க.

நிதானமா படிச்சாரு. அரை மணி நேரம் போச்சு. யூனிஃபார்ம் பக்கத்துல, "எரநூத்திப் பன்னண்டு"ன்னு தனக்குத்தானே சொல்லித் தலையாட்டினாரு. அப்புறம் திடீர்னு ஏற்கெனவே படிச்ச திருமணம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனாரு. ஒரு இடத்துல விரலை வச்சுக்கிட்டு, இன்னொரு கையால சட்டைப் பையைத் தடவினாரு.

பென்சிலை எடுத்தாரு. அதைப் பாத்து எத்தனையோ மாசம் ஆச்சு. ஒரு வரியைச் சுத்தி வட்டம் போட்டு, ஓரத்துல எழுதினாரு, எழுதினாரு, இடம் போதாம கீழ வரைக்கும் எழுதினாரு. நோட்டைத் தூக்கிட்டு நேரா என்கிட்ட வந்தாரு.

"மேடம், இது தப்பா கீது"ன்னாரு.

'திருமண நாளன்றுதான் இருவரும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தனர்'னு நான் எழுதின வரிதான் அது. ஜமீலாக்கா சொன்னதைத்தான் எழுதினேன். ஓரத்துல பென்சில்ல இருந்ததைச் சத்தமா படிச்சேன், எதிர் பெஞ்சுக்கும் கேக்கட்டும்னு.

"தவறு. அஞ்சு மாசம் முன்னாடியே பார்த்தாச்சு. பூந்தமல்லி சைக்கிள் கடை. என் சைக்கிள் செயின் கழண்டு போச்சு. கடையில் அவங்க அப்பா இல்லை. இந்தப் பொண்ணுதான் வந்து மாட்டிக் குடுத்தது. கையெல்லாம் கிரீஸ். அதுக்கப்புறம் மூணு தடவை செயினை நானே கழட்டிக்கினு போனேன்."

நான் நிமிர்ந்து ஜமீலாக்காவைப் பாத்தேன். வாயில முந்தானையை வச்சு அழுத்திக்கிட்டு இருந்தாங்க.

"அந்தச் சைக்கிளா?"ன்னாங்க மெதுவா. "நாலு தடவ மாட்டினேனே. ஒரு செயினு கூட மாட்டத் தெரியாத ஆளுன்னு எங்க அத்தா கூடத் திட்டினாரு. தலைய குனிஞ்சுக்கினு நிக்கும் அந்த ஆளு, மூஞ்சியவே நான் பாக்கல." நாப்பத்தோரு வருஷத்துல ஒரு நாளும் அவரு இதைச் சொன்னதில்ல.

பாய் திரும்பி அவங்களைப் பாத்தாரு. அப்புறம் நோட்டை வாங்கி நடுப்பக்கத்தைத் தொறந்தாரு. கல்யாணப் படத்தைப் பாத்தாரு. இடுப்புல குழந்தையோட இருக்கற படத்தைப் பாத்தாரு. 'இப்போது' படத்துல ரொம்ப நேரம் நின்னாரு. அவங்க மூஞ்சியை ஒரு தடவை, படத்தை ஒரு தடவை, ஷெட்டுல வண்டியைச் சோதிக்கற மாதிரி நிதானமா.

"இது நீங்கதானா?"ன்னாரு.

"நான்தாங்க."

"உங்களப் பத்தித்தான் படிச்சுக்கினு கீறேன் இவ்ளோ நேரம்"னு சொல்லி, பெரியவங்க முன்னாடி நிக்கற மாதிரி சட்டையை இழுத்து விட்டுக்கிட்டாரு. அப்புறம் குரலைத் தணிச்சு, "செயினை நான்தான் கழட்டினேன். கோச்சுக்காதீங்க"ன்னாரு.

"கோச்சுக்கல"ன்னாங்க ஜமீலாக்கா.

பாய் நோட்டை மேசையில வச்சாரு. "எங்க ஊடு பக்கத்துலதான். ஒரு டீயாவது சாப்ட்டுத்தான் போவணும். ரொம்ப வேலை செஞ்சிருக்கீங்க. இருட்டிச்சுன்னா அங்கயே தங்கிக்கலாம். ஊடு உங்களுதுதான்."

அன்னிக்கு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நடந்து போனாங்க. வாசல்படியில ஜமீலாக்கா கைய அவரு பிடிச்சுக்கிட்டாரு. நான் கழிவறைக்குப் போய் நல்லா அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வந்து, ஃபேனுக்கு அடியில தூங்கின ஒருத்தரை எழுப்பி விரட்டினேன்.

திங்கக்கிழமை, ஜூலை இருபது அன்னிக்கு, ஜமீலாக்கா என் போன்லருந்தே ஓசூருக்குப் பேசினாங்க. "ஒண்ணாந் தேதி வேணாம் சபீனா. உங்கத்தா உள்ளதான் படுக்கறாரு. ரெண்டு நாளா. ஆமாடி, அவுரே கூப்ட்டாரு. நான் இப்ப அவுரு ஊட்டுக்கு விருந்தாளியா வந்து கீறேன்." அந்தப் பக்கம் சபீனா அழறது எனக்கே கேட்டுது. "எத்தினி நாளைக்கோ தெரியாதுடி. கீற வரைக்கும் இருக்கட்டும்"னாங்க.

அடுத்த சனிக்கிழமைக்குள்ள பாய்க்கு எல்லாம் மறந்துடுச்சு. அப்படித்தான் ஆகும்னு எனக்கும் தெரியும், ஜமீலாக்காவுக்கும் தெரியும். அதனால இப்ப பலகையில வாரா வாரம் முதல் வரி ஜமீலா. பிறந்த நாளுக்குப் பக்கத்துல தேதி போடறதில்ல, 'இந்த வாரம்'னு மட்டும் எழுதறேன். யாராவது கேட்டா, "புத்தகம் இருக்கு, பேரு இருக்கு, உங்களுக்கு என்ன?"ன்னு கேக்கறேன். யாரும் ரெண்டாவது தடவை கேக்கறதில்ல.

பாய் வாரா வாரம் அதைப் புதுசா படிக்கறாரு. வாரா வாரம் அதே வரிக்கு வட்டம் போடறாரு. ஓரத்துல இடம் தீந்துபோய் நான் வெள்ளைத் தாள் ஒட்டிக் குடுத்திருக்கேன். முதல் வாரம் செயினை மூணு தடவை கழட்டினேன்னு எழுதினவரு, அடுத்த வாரம் அஞ்சுன்னு எழுதினாரு. போன வாரம் ஒன்பது. ஜமீலாக்காகிட்ட, "எது சரி? நீங்களே சொல்லுங்க, சரி பண்ணிடறேன்"னேன்.

"அவுரு போட்டதே இருக்கட்டும்மா"ன்னாங்க. நான் எதையும் அழிக்கல.